கொடுமுடி கோகிலமும் எங்க வகுப்புப் பொண்ணும்

மனசுல பட்டதை எழுதறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

எங்க வகுப்புல ஒருத்தி நல்லாப் பாடுவா. சாப்பாட்டு நேரத்துல அவ பாடினா பக்கத்து வகுப்பு ஜன்னல் பூராவும் தலையா இருக்கும். ஆண்டு விழாவுக்குப் பேர் கொடுத்தவ, மறுநாளே வந்து அடிச்சுட்டா. "பொட்டப்புள்ள மேடையேறிப் பாடுனா நாளைக்கு எவன் கட்டுவான்"னு வீட்டுல சொல்லிட்டாங்களாம். இத்தனைக்கும் அவங்க வீட்டுல தினமும் காலையில கேக்கறது கே.பி. சுந்தராம்பாள் குரல்!

சுந்தராம்பாள் எங்கயோ பொறந்தவங்க இல்ல. காவேரிக்கு இந்தக் கரை நம்ம நாமக்கல் மாவட்டம், அந்தக் கரை கொடுமுடி. அங்க 1908-ல ஏழை வீட்டுல பொறந்தாங்க. சின்ன வயசுல ரயில்ல பாடிக் காசு வாங்கினாங்கன்னு சொல்லுவாங்க. 'கே' கொடுமுடி, 'பி' அம்மா பாலாம்பாள் பேரு. அம்மா பேரை இனிஷியலா வெச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் இருந்தாங்க. (நம்ம வருகைப் பதிவேட்டுல அப்படி எத்தனை பேர் இருக்கோம்?)

நாடகக் கொட்டகைதான் அவங்களை வளர்த்துச்சு. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோட சேர்ந்து நடிச்சாங்க, அவரையே கல்யாணமும் பண்ணினாங்க. 1933-ல அவர் இறந்தப்ப இவங்களுக்கு வயசு 25. அதிலிருந்து வெள்ளைச் சேலைதான். ஆண் நடிகருக்கு ஜோடியா இனி நடிக்கறதில்லைன்னு முடிவு பண்ணினாங்க. ஆனா பாட்டை விடல. 1935-ல 'நந்தனார்' படத்துல நந்தனாராவே ஆண் வேஷம் போட்டாங்க. சம்பளம் 1 லட்சம் ரூபாய்! தட்டிக் கழிக்கத்தான் அவ்வளவு கேட்டாங்க, தயாரிப்பாளர் சரின்னுட்டாருன்னு ஒரு கதை உண்டு. எப்படியோ, விலையைச் சொன்னது அவங்கதான்.

காங்கிரஸ் கூட்டங்கள்ல பாடினாங்க, 1951-ல சென்னை சட்ட மேலவைக்கே போனாங்க. 1953-ல ஜெமினியோட 'ஔவையார்'. 1964-ல கலைஞர் வசனம் எழுதின 'பூம்புகார்'ல கவுந்தியடிகள். காங்கிரஸ்காரங்க தி.மு.க.காரர் படத்துல நடிச்சதைப் பாருங்க! 'துணைவன்' படத்துல பாடினதுக்குத் தேசிய விருது, 1970-ல பத்மஸ்ரீ. 1980-ல காலமானாங்க.

இதை எங்க அம்மாயி கிட்ட சொன்னேன். "அவுங்க சாமி பாட்டுப் பாடுனவுங்க கண்ணு, அது வேற"ன்னாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். முதல்ல அவங்க நாடகக்காரிதான். கொட்டகையில ஆயிரம் ஆம்பளைங்க முன்னாடி மைக்கூட இல்லாம பாடின பொண்ணு. அந்தக் காலத்துல நாடகக்காரின்னா ஊர் என்ன பேசியிருக்கும்னு அம்மாயிக்கே தெரியும். நாம அந்தப் பொண்ணை மறந்துட்டு, 45 வயசுல தடியூன்றி நின்ன ஔவையாரை மட்டும் வெச்சுக்கிட்டோம். கிழவியானாத்தான் பொம்பள பாடலாம்னா, எங்க வகுப்புப் பொண்ணு இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கணும்?

அவ பேரை அடிச்ச தாள் இன்னும் தமிழ் ஐயா கிட்டதான் இருக்கு. விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போய் அவங்கப்பா கிட்டப் பேசலாம்னு இருக்கேன். தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வர்றவங்க சொல்லுங்க.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி