களைப்பு சோம்பல் அல்ல!

"காலையில எந்திரிக்கவே முடியறதில்லீங்க தோழர். மேஸ்திரி சோம்பேறிங்கறாருங்க."

கிணத்துக்கடவு பக்கம் நார் மில்லில் வேலை செய்யும் ஒரு சகோதரி சென்ற ஆண்டு என்னிடம் சொன்னது இது. முகம் ஊதியிருந்தது, குரல் கம்மியிருந்தது. கோவைக்குப் பஸ் ஏறி ரத்தம் கொடுத்த பிறகே உண்மை தெரிந்தது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்கவில்லை! ரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள். இரண்டு நாள் கூலி போயிற்று.

இது ஒருவர் கதையா? சென்னை உட்பட 8 பெருநகரங்களில் 5,360 பேரைச் சோதித்து, 2013-ல் வெளியான ஆய்வு, நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு இக்குறை உண்டென்று காட்டியது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதுவரை அதை அறியாதவர்கள். ஆண்களைவிடப் பெண்களே அதிகம். டாக்டரும் சோதனைக்கூடமும் பக்கத்திலுள்ள நகரத்திலேயே இந்த நிலை என்றால், நார் மில்லிலும் தக்காளிக் காட்டிலும் உழைக்கும் பெண்களின் கதி என்ன?

முழுமையான சோதனை என்பது அறுபது, எழுபது சோதனைகளைக் கட்டாகக் கட்டி விற்கும் வியாபாரமல்ல. டாக்டர் கழுத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முதலில் டி.எஸ்.எச். என்ற ரத்தச் சோதனை. அதில் மாறுதல் தெரிந்தால் டி-4. தேவைப்பட்டால் எதிர்ப்பொருள் சோதனை. கழுத்தில் கட்டி தென்பட்டால் ஸ்கேன். ரத்தசோகையும் இதே களைப்பைத் தரும்; அதையும் பார்த்துவிட வேண்டும். அறிகுறியுள்ள கர்ப்பிணிகள் தாமதிக்கவே கூடாது. முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது.

மருந்தோ, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை. மலிவானது, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. மருந்து அருகில், சோதனை தூரத்தில்! இது என்ன நியாயம்?

1962-லேயே கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டம் கண்ட நாடு இது. உப்பில் அயோடின் சேர்த்தது நல்ல காரியம். ஆனால் அதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. அயோடின் குறையாதவருக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் இந்நோய் வருகிறது.

ஆகவே நாம் கோருவது இது: ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் வாரம் ஒரு நாளாவது இலவசமாக ரத்தம் எடுக்க வேண்டும். முடிவு அங்கேயே கிடைக்க வேண்டும். சோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. சங்கங்களும் மாதர் அமைப்புகளும் இக்கோரிக்கையைக் கையிலெடுக்க வேண்டும்.

அந்தச் சகோதரி இன்று மாத்திரை சாப்பிட்டு, தெம்பாக வேலைக்குப் போகிறார். அவரைப் பிடித்திருந்தது நோய், சோம்பல் அல்ல!