அரை ரெயால்

பழைய நாணயம் சேகரிப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய காசின் மேல்தான் மோகம். ஸ்பெயின் தேசத்தார் அமெரிக்கக் கண்டத்தை ஆண்ட காலத்து வெள்ளி என்றால், எட்டு ரெயால் மதிப்புள்ள பெஸோவையே தேடுகிறார்கள். சுமார் 27 கிராம் எடையுள்ள அது கம்பீரமான நாணயந்தான். ஆயினும் நாம் நேயர்களுக்குச் சிபார்சு செய்வது அதன் கடைக்குட்டித் தம்பியான அரை ரெயாலை. அதன் எடை இரண்டு கிராமுக்கும் குறைவு.

பெரிய காசு கப்பலேறி ஸெவில் நகருக்கும், மணிலா வழியாகச் சீனத்துக்கும் சென்றது. நம் நாட்டுக்கும் வந்து, நாணயசாலையில் உருகி ரூபாயாக மாறிற்று. சிறு காசோ பெரும்பாலும் பிறந்த மண்ணிலேயே தங்கிச் சந்தையில் புழங்கிற்று. அதற்கும் குறைந்த செலவுக்கு மெக்ஸிகோவில் கொக்கோ விதையே சில்லறை. 1555-ல் ஒரு ரெயாலுக்கு 140 விதை என்று சர்க்காரே விகிதம் விதித்தது.

இக்காசு வட்டமாக இல்லையே என்று ஒதுக்கலாகாது. வெள்ளிப் பாளத்தில் துண்டு நறுக்கி, மிகுந்த எடையைக் கத்தரித்து, சுத்தியலால் முத்திரை அடித்தார்கள். மெக்ஸிகோவில் 1732-ல் இயந்திரம் வந்த பிறகே ஒழுங்கான வட்டம் பிறந்தது. பழைய அரை ரெயாலின் ஒரு புறம் அரசன் பெயரின் எழுத்துக்கள் பின்னிக் கிடக்கும். மறு புறம் சிலுவையும், அதன் மூலைகளில் கோட்டையும் சிங்கமும் இருக்கும். அதிர்ஷ்டமிருந்தால், வெள்ளியின் மாற்றைப் பரிசோதித்தவரைக் குறிக்கும் ஓரெழுத்தும் தெரியும்.

அந்த எழுத்து ஜாமீனுக்குச் சமானம். பெரு ராஜ்யத்துப் பொட்டோஸி நாணயசாலையில் வெள்ளியோடு செம்பை மிகுதியாகக் கலந்த மோசடி 1649-ல் விசாரணைக்கு வந்தபோது, பரிசோதகர் ஒருவரும் வெள்ளி வியாபாரி ஒருவரும் மரண தண்டனை அடைந்தனர். 1652-ல் நாணயத்தின் உருவமே மாற்றப்பட்டது.

ஆனால், மலையைக் குடைந்தவனைக் குறிக்கும் எழுத்து எந்தக் காசிலும் இல்லை. 1573-ல் ராஜப்பிரதிநிதி டொலேடோ வகுத்த 'மீதா' முறைப்படி, சுற்றிலுமுள்ள மாகாணங்களின் பூர்வகுடி ஆடவரில் ஏழில் ஒரு பங்கினர், வருஷத்துக்குப் பதின்மூவாயிரம் பேருக்கு மேல், பொட்டோஸிக்குக் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். 1812-ல்தான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. சுரங்கத்துக்குள் வேலை செய்தவனுக்கு விதித்த நாட்கூலி மூன்றரை ரெயால். அந்தக் கூலியைக் கணக்குத் தீர்க்க அரை ரெயால் வேண்டியிருந்ததல்லவா? அவன் தோண்டிய வெள்ளியில் அவன் கைக்கு மீண்டது இவ்வளவே.

ஆகையால் அரை ரெயால் கிடைத்தால், புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்க வேண்டாம். அது தேய்ந்தது ஏழைகளின் விரல்களில். ஒரு காகித உறையில் இட்டு, எங்கே, எப்போது கிடைத்தது என்று மேலே எழுதி வையுங்கள். குழந்தைகள் கேட்டால் அரசன் பெயரைச் சொல்வதோடு நில்லாமல், அந்தக் கூலிக் கணக்கையும் சொல்லுங்கள்.