மருந்தும் துஆவும்

திட்டக்குடி போன்ற நம் ஊர்களில் ஒரு வீட்டுப் பிள்ளை உறக்கமின்றிப் புலம்பத் தொடங்கினால், பெரியவர்கள் வாயில் முதலில் வருவது 'ஜின்' என்ற சொல்; அடுத்து வருவது ஏர்வாடி. ஓதிப் பார்ப்பதையும் துஆச் செய்வதையும் நான் குறை கூறவில்லை. அதனோடு நின்றுவிடலாமா என்றே கேட்கிறேன். நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்தாமே!

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் வைகறையில், அதே ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகையொன்று தீப்பற்றி 28 மனநோயாளிகள் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்பியோட இயலவில்லை. இத்தகைய காப்பகங்களில் கொண்டுபோய் விடுவோர் யார்? பெரும்பாலும் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. சங்கிலி எந்த மார்க்கம் சொன்ன மருந்து?

934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே பேணுவது பற்றித் தனி நூலே இயற்றினார். வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாயிருக்கும் வேளையில் நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்துக் கலக்கம் வரும்போது எடுத்தாள வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. தன்னால் இயலாதபோது பிறர் அறிவுரையை நாடவும் சொன்னார். நோயாளியின் உறக்கம், உணவு, கவலை, இறைநம்பிக்கை அனைத்தையும் பொறுமையுடன் கேட்டறியும் மனநல ஆலோசகரை 'மேனாட்டுப் புதுமை' என்று ஒதுக்குவோர் இதனை அறிதல் நலம்.

தீ விபத்திற்குப் பின்னர் ஏர்வாடி தர்காவிலேயே 'தவா–துஆ' என்னும் பெயரில் அரசு மனநல மருத்துவம் தொடங்கப்பட்டது. 14416 என்ற தொலைபேசி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மனநோயாளிக்குச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடுத்திருக்கிறது.