கையை விடுங்க, பாலைப் பாருங்க!

லாட்டே ஆர்ட் கத்துக்கணும்னு கிளம்பறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது ஒரே கேள்விதான். "கையை எப்படிங்க ஆட்டணும்?"

இந்தக் கேள்வியே தப்புங்கறதுதான் இன்னிக்கு நம்ம பஞ்சாயத்து. காபி மேல இதயத்தையும் இலையையும் போடறது கை இல்லை மக்களே, பால். பால் சரியா இருந்தா நடுங்கற கைகூட சுமாரா ஒரு இதயத்தைப் போட்டுடும். பால் சரியில்லைன்னா எப்பேர்ப்பட்ட கையும் வெள்ளைத் திட்டுதான் போடும்.

நம்பலைன்னா வரலாற்றைப் பாருங்க. அமெரிக்காவுல இந்தக் கலையைப் பரப்பின முக்கியமான ஆள் சியாட்டில்காரர் டேவிட் ஷோமர். 1988-ல தள்ளுவண்டியில எஸ்பிரெஸ்ஸோ விவாச்சேயை ஆரம்பிச்சவர். அவர்கிட்ட இதயம் வழக்கத்துக்கு வந்தது 1989-ல. ரோசெட்டான்னு சொல்ற இலை வடிவம் 1992-ல. ஆனா பாலை வெல்வெட் மாதிரி நுரைக்கற விதத்துக்கான பெருமையை, அதே ஊர்ல 1986-லேயே அதைச் செஞ்ச ஜாக் கெல்லிக்குத்தான் ஷோமர் கொடுக்கறார். வரிசையைக் கவனிச்சீங்களா? முதல்ல பால். மூணு வருஷம் கழிச்சு இதயம். அதுக்கும் மூணு வருஷம் கழிச்சு இலை. நம்மாளுங்க மட்டும் முதல் நாளே அன்னப்பறவை வேணும்னு நிக்கறாங்க.

இவங்களை அப்படி நிக்க வைக்கறதே சொல்லிக் கொடுக்கறவங்கதான். ஒருநாள் வகுப்பு ஒண்ணுல போய் உக்காந்து பார்த்தேன் (பேரெல்லாம் வேண்டாம், விடுங்க). காலையிலேர்ந்து சாயங்காலம் வரை மணிக்கட்டு ஆட்டம்தான். பாலை? அதை வாத்தியாரே நுரைச்சுக் கொடுத்துட்டார்! வந்தவன் வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவான்? வாத்தியார் தினமும் தூக்குல பால் கொடுத்தனுப்புவாரா?

சரி, பால் சரியா இருக்கறதுன்னா என்ன? மேட்டர் ரொம்ப சிம்பிள். ஃபிரிட்ஜிலேர்ந்து எடுத்த ஜில் பால். ஜக்குல மூக்கு ஆரம்பிக்கற இடத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும். ஆவிக்குழாயை முதல்ல வெறுமனே ஒரு தடவை திறந்து, உள்ள நிக்கற தண்ணியை வெளியேத்தணும். அப்புறம் குழாய் நுனி பாலோட மேல்மட்டத்தை ஒட்டி இருக்கட்டும். காகிதத்தைக் கிழிக்கற மாதிரி 'ஸ்ஸ்.. ஸ்ஸ்'னு சத்தம் வரும். காத்து உள்ள போறது அப்பதான். ஜக்கு கைக்கு வெதுவெதுன்னு ஆகறதுக்குள்ள, அதாவது 37 டிகிரி வாக்குல, இந்த வேலை முடிஞ்சுடணும். அதுக்கப்புறம் நுனியைக் கொஞ்சம் உள்ள இறக்கி, ஜக்கைச் சாய்ச்சு, பாலைச் சுழல விடணும். இந்தச் சுழல்தான் பெரிய குமிழை எல்லாம் உடைச்சு, கண்ணுக்குத் தெரியாத பொடிக் குமிழா ஆக்குது. 60 டிகிரி பக்கம் வந்ததும் நிறுத்திடுங்க. 70-ஐத் தாண்டினா பாலோட புரதம் குலைய ஆரம்பிச்சு, காய்ச்சின வாடை வந்துடும், இனிப்பும் அடிபடும். முடிச்ச பால் ஈரப் பெயிண்ட் மாதிரி பளபளன்னு இருக்கணும். மேல பஞ்சு மிதந்தா அது லாட்டே பால் இல்லை, ஷேவிங் க்ரீம் :-)

பூ வராததுக்கு ஜனங்க சொல்ற காரணங்கள்ல முக்கால்வாசி இங்கேயே அடிபட்டுப் போகுது.

"வெள்ளையே தெரியலை." கடைசி வரைக்கும் உசரத்துலேர்ந்து ஊத்தறீங்க. உசரத்துலேர்ந்து விழற பால் வேகத்துல அடியில போயிடும். பாதிக் கப்பு வரைக்கும் அதுதான் வேணும், கலக்கறதுக்கு. அப்புறம் கப்பைச் சாய்ச்சு, ஜக்கு மூக்கைக் காபியைத் தொடற அளவுக்கு இறக்குங்க. பால் மேலேயே தங்கும். இதயத்துக்கு அவ்வளவுதான். ஒரே இடத்துல ஊத்தி வட்டம் வந்ததும், ஜக்கைத் தூக்கி மெல்லிசா நடுவுல ஒரு கோடு இழுங்க.

"பொத்துனு ஒரு கட்டி விழுது." காத்து அதிகம். இல்லை, நுரைச்சதும் போனை எடுத்துப் படம் பிடிச்சுட்டு நின்னீங்க. பாலும் நுரையும் பிரிஞ்சுடுச்சு. ஊத்தற வரைக்கும் ஜக்கைச் சுழட்டிக்கிட்டே இருக்கணும்.

"மெஷின் மட்டம்." இருக்கலாம். ஆனா மிச்சப் பாலையே ரெண்டாவது தடவை சூடு பண்ணினா எந்த மெஷினும் காப்பாத்தாது. வீட்ல காய்ச்சி இறக்கின சூடு ஆறாத பாலும் வேண்டாம். வெதுவெதுப்புல ஆரம்பிச்சா காத்தைச் சேர்த்துச் சுழல விட நேரமே கிடைக்காது.

பழகறதுக்கு லிட்டர் லிட்டரா பாலைச் சிங்க்ல கொட்டறதையும் என்னால ஏத்துக்க முடியலை. ஒரு ஜக்குத் தண்ணியில பாத்திரம் கழுவற சோப்பு ஒரே ஒரு சொட்டு விடுங்க. ஆவி கொடுத்தா கிட்டத்தட்ட பால் மாதிரியே சுழலும், நுரைக்கும். குழாயை எங்க வைக்கணும்னு கை இதுலயே பழகிடும். பழகி முடிச்சதும் குழாயை நல்லாக் கழுவிடுங்க, அது முக்கியம். நாலு நாள் இப்படிப் பழகிட்டு அப்புறம் பாலைத் தொடுங்க.

இப்ப எதிர்க்கட்சி வருவாங்க. "பூ போட்டா ருசி கூடுமாய்யா? எங்க டபரா நுரைக்கு முன்னாடி இதெல்லாம் ஜுஜுபி."

டபரா நுரை எனக்கும் உசிருதான். ஆனா ஆத்தும்போது வர்றது பெரிய குமிழ், பார்த்துக்கிட்டு இருக்கும்போதே உடையும். சூட்டை இறக்கறதுதான் அதோட வேலை, படத்தைத் தாங்கறது இல்லை. ரெண்டையும் ஏன் மோத விடணும்? பூவால ருசி கூடாதுங்கறது நிஜம். ஆனா ஊத்தியே போட்ட பூ சுத்தமா விழுந்திருந்தா, பால் பஞ்சாகாம சரியா நுரைஞ்சிருக்குன்னு அது சாட்சி சொல்லும். குச்சியை வெச்சுக் கீறி, சாக்லேட் சாஸ் விட்டு வரையற கரடி பொம்மை அந்தச் சாட்சியைச் சொல்லாது. எவ்வளவு மட்டமான நுரை மேலயும் கரடி வரையலாம்.

கோபம் வர்றது வேற இடத்துல. காபிக் கடையில புதுசா சேர்ற பசங்களை நிக்க வெச்சு "உனக்குக் கை வரலைடா"ன்னு திட்டறாங்க பாருங்க, அங்க. மிச்சம் பிடிக்கறேன்னு நேத்து நுரைச்ச மாதிரி பாலையே மறுபடி மறுபடி சூடு பண்ணச் சொல்றது முதலாளி. பூ வரலைன்னா பழி பையன் மேல. தனக்குத் திறமையே இல்லைன்னு அந்தப் பையன் நம்பிடறான். அவனுக்கு வேண்டியது திட்டு இல்லை ஐயா, புதுசா ஒரு ஜக்கு ஜில் பால்.

அதனால பூ வராம தவிக்கற நண்பர்களே, அடுத்த ஒரு வாரம் இதயம், இலை, அன்னம் எதையும் நினைக்காதீங்க. பால் பளபளன்னு வர்ற வரைக்கும் ஆவிக்குழாய் பக்கத்துலயே நில்லுங்க. 'ஸ்ஸ்' சத்தம் எப்ப வருது, எப்ப நிக்கணும்னு காதைக் கொடுத்துக் கேளுங்க. அது வந்துட்டா கையை எப்படி ஆட்டணும்னு கேக்க யாரையும் தேடிப் போக மாட்டீங்க.