தெற்றுப்பல்லும் திருத்தும் கம்பியும்

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் கழுகுமலை. அங்குக் கழுகாசலமூர்த்தியின் திருமுன் கந்த சஷ்டி கவசம் ஓதும் அடியார்கள், தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பையும் வேலிடம் ஒப்படைக்கின்றனர். கவசத்தை அருளிய தேவராய சுவாமிகள் அந்த வரிசையில் முப்பத்திரண்டு பற்களையும் மறவாமல் சேர்த்தார்.

அப்பற்கள் வரிசை பிறழ்ந்து முளைத்தால் கம்பி கட்டித் திருத்தலாம் என்கிறது மருத்துவம். இல்லத்து முதியோரோ, "தெற்றுப்பல் அதிர்ஷ்டம், அதைத் தொடாதே" என்பர். ஒற்றைத் தெற்றுப்பல் சிரிப்புக்கு அழகு சேர்க்கலாம், அதில் குறையொன்றுமில்லை. ஆனால், பற்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் பல்துலக்கியின் நார் புகுவதில்லை. உணவுத்துணுக்கு தங்கிச் சொத்தையும் ஈறுநோயும் தோன்றும். மேற்பல் முன்னே துருத்திய பிள்ளை கீழே விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்லே.

பேச்சும் இதனோடு தொடர்புடையது. எழுத்துகள் பிறப்பதற்குத் துணையாகும் உறுப்புகளுள் பல்லையும் தொல்காப்பியர் எண்ணினார். தகர நகரங்கள் பிறக்க நாநுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். பற்களுக்கிடையே பெரும் இடைவெளி இருப்பின் திருப்புகழ் ஓதும் குழந்தையின் நா தடுமாறக்கூடும். கம்பி கட்டியதும் உச்சரிப்பு தானே திருந்திவிடும் என்பதன்று. தடை விலகும், பயிற்சி வேண்டும்.

பெண்பிள்ளையாயின், "கலியாணத்துக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் வழக்கம் உண்டு. இதுதான் பெரும் இழப்பு. நிலைப்பற்கள் முளைத்துத் தாடையும் வளர்ந்துகொண்டிருக்கும் 11 முதல் 14 வயது வரை ஏற்ற காலம். கம்பியின் மெல்லிய அழுத்தத்தால் பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைய, மறுபக்கத்தில் புது எலும்பு உருவாகும். வயது வந்த பின்னும் பல்லை நகர்த்தலாம். தாடையின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் வாய்ப்பு மட்டும் திரும்பாது. அப்போது சிலருக்கு அறுவை மருத்துவமே வழியாகும்.

இடம் போதாத வாயில் ஒன்றிரண்டு பற்களை எடுக்க நேர்வதுண்டு. மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்ற அச்சம் கரிசல் ஊர்களில் மட்டுமா, எங்கும் உள்ளது. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, அஞ்ச வேண்டியதில்லை.

பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் கம்பி இருக்கும். அதுவரை பிள்ளைக்குக் கடினமான சோதனை ஒன்று உண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கடிக்கலாகாது. பாகு ஒட்டிக் கம்பியைப் பெயர்த்துவிடும். செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் உடைத்த தேங்காயைப் பல்லால் கடிக்காமல் துருவி உண்ணட்டும். பஞ்சாமிர்தம் உண்ணலாம், உடனே வாய் கொப்புளித்து, பின்னர்ப் பல் துலக்க வேண்டும்.

கம்பியை அகற்றிய பின், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதிருக்க மருத்துவர் தரும் தாங்கியைச் சொல்லும் காலம்வரை அணிய வேண்டும். பலர் கைவிடுவது இங்கேதான். இரவில் உறங்குமுன் தாத்தாவோ பாட்டியோ ஒருமுறை நினைவூட்டினால் போதும்.