தோலுக்குத் தீனி வேண்டாம், காற்று வேண்டும்

மழைக்காலத்தில் கேமரன் மலையின் ரிங்லெட்டில் ஒரு காரைக் கதவு திறக்காமல் சில நாள் நிறுத்தி வைத்தால் போதும், தோல் இருக்கையில் பூஞ்சணம் ஏறிவிடும். முதலில் தையல் ஓரத்தில் சாம்பல் பூசியதுபோல் மெல்லிய படலம். அடுத்து ஓட்டுநர் இருக்கையின் பக்கவாட்டில், கை வைக்கும் இடத்தில், தலை சாய்க்கும் இடத்தில் வட்ட வட்டமாகப் பரவும். யாரும் அதிகம் உட்காராத பின் இருக்கை பல சமயம் கடைசிவரை சுத்தமாகவே இருக்கும். பூஞ்சணம் முதலில் தேடி வருவது நம் உடம்பிலிருந்து இறங்கிய வியர்வையையும் எண்ணெயையும்தான். எங்கே அதிகம் தொட்டோமோ அங்கே அதற்குச் சாப்பாடு.

எங்கள் வீட்டு வரிசையில் ஓர் ஐயா இருக்கிறார். தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஈப்போவில் வேலை செய்யும் மகள் புதுக் கார் வாங்கியபோது, தோல் இருக்கை போட்ட தன் பழைய காரை அப்பாவுக்கே கொடுத்துவிட்டாள். அவர் அதைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, எவ்வளவு தொடைச்சாலும் வெள்ளை வெள்ளையா வந்துருது, வந்து பாருங்க. தேங்காய் எண்ணெய்கூட விடாம போட்டுக்கிட்டுதான் வரேன்” என்றார்.

கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். அங்கே இருந்தது ஒரு வெள்ளை அல்ல, இரண்டு. தையல் குழியில் கெட்டியாக உறைந்து கிடந்தது தேங்காய் எண்ணெய். அதைச் சுற்றிப் பஞ்சு மாதிரி நின்றது பூஞ்சணம். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். இங்கே விடியற்காலையில் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. அதே எண்ணெய்தான் இருக்கையின் மடிப்பில் இறங்கி, உறைந்து, தூசியைப் பிடித்து, பூஞ்சணத்துக்கு விருந்து வைத்திருக்கிறது. அவர் அக்கறையில் குறையில்லை. அவருக்குக் கிடைத்த யோசனை எல்லாமே வறண்ட ஊர்க்காரர்களுடையது.

தோல் காய்ந்தால் வெடிக்கும், அதனால் எண்ணெய் ஊட்ட வேண்டும் என்ற பேச்சு பழைய கார்களின் காலத்திலிருந்து வருகிறது. ரோல்ஸ் ராய்ஸுக்கும் ஜாகுவாருக்கும் தோல் கொடுத்து வந்த கானலி நிறுவனம் 1878இல் லண்டனில் தொடங்கியது. அவர்கள் தோலுக்கென்றே ஒரு களிம்பும் விற்றார்கள். அந்தக் காலத்துத் தோலின் மேற்பூச்சு வேறு மாதிரி, களிம்புக்கு உள்ளே போக ஓரளவு வழி இருந்தது. இன்றைய கார்த் தோல் பெரும்பாலும் அப்படியில்லை. பதனிடும்போதே அதன் நாரிழைகளுக்குள் எண்ணெய் ஏற்றிவிடுகிறார்கள். மேலே நிறப்பூச்சு, அதற்கும் மேலே பாலியூரித்தேன் படலம். ஐயாவின் இருக்கையில் மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினேன். அது உருண்டையாக அப்படியே நின்றது. தண்ணீர் இறங்காத இடத்தில் எண்ணெய் மட்டும் எப்படி இறங்கும்? சொட்டு உடனே ஊறித் தோல் கறுத்தால்தான் அது மேற்பூச்சு இல்லாத தோல். அதற்கான பராமரிப்பு வேறு, அத்தகைய தோல் விலையுயர்ந்த சில கார்களில்தான் வரும்.

ரிங்லெட் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். தோல் பொருட்களைப் பாதுகாக்கிறவர்கள் விரும்புவது ஏறக்குறைய அதில் பாதி. 70ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு ஈரத்தைப் பற்றிப் பாடம் எடுக்கவே வேண்டாம். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, ஈரம் 3 விழுக்காடு அளவுக்கு இறங்கும்வரை உலர்த்தி, அதன் பிறகும் காற்றுப் படாமல் கட்டி வைக்கிற கைகள் அவை. அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக் காருக்குள் காட்டினால் இருக்கை பிழைத்துக்கொள்ளும்.

பூஞ்சணம் வந்த இருக்கையைக் காலையில் சுத்தம் செய்ய வேண்டும். மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இறங்கும். எட்டு, ஒன்பது மணி வெயிலில் நான்கு கதவையும் திறந்து வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, லேசாக நனைத்த துணியால் பூஞ்சணத்தை ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்த தூரிகையால் தட்டினால் வித்துகள் கார் முழுக்கப் பறந்து கூரைத் துணியில் போய் உட்காரும். துணியில் ஒரு முறை துடைத்த பக்கத்தை மறுபடி இருக்கையில் வைக்கக் கூடாது. பிறகுதான் தோலுக்கென்று விற்கும் சுத்திகரிப்பு நுரை. அதையும் இருக்கையில் கொட்டாமல் மென்மையான தூரிகையில் எடுத்து, தையல் ஓரங்களில் வட்டமாகத் தேய்த்து, அழுக்கு மேலே வந்ததும் துடைத்துவிட வேண்டும். காற்றோட்டத்துக்காகச் சிறு துளை போட்ட இருக்கை என்றால் நுரை இன்னும் கொஞ்சமாக. துளை வழியே இறங்கும் ஈரம் உள்ளிருக்கும் பஞ்சுக்குப் போய்விட்டால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. ஐயாவின் காரில் துணியில் வந்த நிறம் கடுந்தேநீர் நிறம். “இது கறுப்பு இருக்கைன்னு நெனச்சேன் தம்பி, சாம்பலா?” என்று அவரே கேட்டார். எத்தனையோ வருட வியர்வையும் தலை எண்ணெயும் அதன் மேல் இருந்தன.

பாத்திரம் கழுவும் சவர்க்காரம், துணித்தூள் இரண்டும் வேண்டாம். தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது, துணி துவைக்கும் சவர்க்காரம் காரத்தன்மை கொண்டது. அடிக்கடி பட்டால் மேற்பூச்சு மங்கும், தோல் விறைக்கும். கிளோராக்ஸ் போன்ற வெளுப்பானை இருக்கையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பூஞ்சணத்தோடு சேர்த்து நிறத்தையும் நூலையும் அது தின்றுவிடும்.

கார் வாங்கிக் கோயிலில் பூசை போடும்போது இருக்கையில் சிந்தும் மஞ்சளையும் இங்கே சொல்ல வேண்டும். பதறிப்போய்ச் சவர்க்காரம் போட்டால் மஞ்சள் சிவந்து கறை இன்னும் பெரிதாகத் தெரியும். ஈரத்துணியால் ஒற்றிவிட்டு வெயில் படும்படி நிறுத்துங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நாளாக ஆகக் குறையும். தே தாரேக் சிந்தினால் கதை வேறு, அங்கே தாமதம் ஆகாது. தேநீர்க் கறை கண்ணுக்குத் தெரியும், ஆனால் கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத பாலும் சர்க்கரையும். மடிப்பில் தங்கினால் மூன்றாம் நாள் புளித்த வாடை, அடுத்த வாரம் பூஞ்சணம். சிந்திய உடனே ஒற்றி எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து, உலர்ந்த துணியால் முடிக்க வேண்டும்.

இத்தனையும் செய்து, கால் மிதியடியைத் தூக்கிப் பார்க்காவிட்டால் பலனில்லை. ஐயாவின் காரில் மிதியடிக்கு அடியில் கம்பளம் சொதசொதவென்று இருந்தது. மழையில் நனைந்த செருப்பு, குடை, சந்தையில் வாங்கிய கீரைக்கட்டு எல்லாம் வடிந்த தண்ணீர் அங்கேதான் தங்குகிறது. இரவெல்லாம் அந்த ஈரம் ஆவியாகி மேலே இருக்கையில் படியும். கம்பளத்தைக் காயவைக்காதவரை மாதா மாதம் இருக்கையைத் துடைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

மலையில் ஏசி எதற்கு என்று கேட்கிறவர்கள் இங்கே நிறைய. குளிருக்காக இல்லை, ஈரத்துக்காகப் போடுங்கள் என்பேன். ஏசியின் குளிர்ந்த குழாய்களில் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படிந்து காருக்கு அடியில் சொட்டுகிறது. வெப்பத்தைக் கூட்டி வைத்துக்கொண்டும் ஏசியை ஓடவிடலாம். பக்கத்து ஹாபுவிலிருந்து வீட்டுக்கு வருகிற சிறு தூரத்துக்குக்கூட அது உதவும். அதேபோல், மழைக்குப் பாதுகாப்பு என்று ஈரக் காரின் மேல் தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தாதீர்கள். தகரக் கூரைக்கடியில் கண்ணாடியை விரல் அளவு இறக்கி நிறுத்துவது அதைவிட நல்லது. கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவை வைக்கலாம், ஆனால் இருக்கையின் மேல் வைக்க வேண்டாம். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்து உப்புநீராக நிற்கும். வளைவில் டப்பா கவிழ்ந்து அந்த நீர் தோலில் பட்டால் அந்த இடம் சுருங்கி விறைத்துவிடும், பிறகு எதைப் பூசினாலும் திரும்பாது. தாப்பாவிலிருந்து ஏறும் 59ஆம் எண் சாலையில் எந்த டப்பாதான் நிமிர்ந்து நிற்கும்!

கேமரன் மலையின் பழைய லேண்ட் ரோவர்களுக்கு இந்தக் கவலை எல்லாம் கிடையாது. கோசும் கோழி எருவும் ஏற்றிப் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஓடுகிற அந்த வண்டிகளின் ரெக்ஸின் இருக்கையைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். நடுவில் மாட்டிக்கொள்வது தோல்போலச் செய்த பாலியூரித்தேன் உறைதான். பட்டணத்துக் கடைகளில் தோல் என்றே சொல்லி மாட்டிவிடுகிறார்கள். ஈரக்காற்றில் அதன் பூச்சு தானாகச் சிதைந்து செதில் செதிலாக உரியும். அதற்கு எந்தக் களிம்பும் மருந்தில்லை. உங்களுடையது எது என்று தெரிய வேண்டுமானால் இருக்கைக்கு அடியில் கைவிட்டு உறையின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக நாராக இருந்தால் தோல், நெய்த துணி தட்டுப்பட்டால் தோல் இல்லை. உண்மையான தோல் போட்ட கார்களிலும் உட்காரும் இடம் மட்டும் தோலாகவும் பக்கவாட்டு வேறாகவும் இருப்பது உண்டு.

உண்மையான தோல் என்றால் அதைப் பல வருடம் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. என் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறியவர். அந்த மண்ணில் வாணியம்பாடியும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோல் பதனிட்டே பிழைத்த ஊர்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்த காலம் போய்க் குரோம் உப்பு வந்தது. கழிவு பாலாற்றில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதையும் அதில் எழுதியிருக்கிறார்கள். என் பாட்டனாரின் உறவுகள் குடித்த தண்ணீர் அது. ஒரு மாட்டின் உயிரும் ஓர் ஆற்றின் தண்ணீரும் போன பிறகு வந்த பொருளை, துடைக்கச் சோம்பிப் பூஞ்சணத்துக்குக் கொடுத்துவிட்டு வேறு உறை மாட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

ஈப்போவிலோ கிள்ளானிலோ வெயிலில் கார் நிறுத்துகிறவர்கள், தோலுக்கென்று விற்கும் களிம்பை வருடத்துக்கு இரண்டு முறை பூசட்டும். வெயிலில் மேற்பூச்சு இறுகாமல் இருக்க அது கொஞ்சம் உதவும். மலையில் இருப்பவர்கள் பூசினால் சுத்தம் செய்து நன்றாகக் காய்ந்த பிறகு, துணியில் ஒற்றி மெல்லியதாகப் பூசி, சிறிது நேரத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்து எடுத்துவிட வேண்டும். இருக்கை பளபளத்தால் நீங்கள் அதிகம் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம், ஏனென்றால் நல்ல கார்த் தோல் பளபளப்பது இல்லை. தலையில் எண்ணெய் வைக்கிறவர்கள் தலைசாய்ப்பானில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள். தலை எண்ணெய் நாளடைவில் மேற்பூச்சை இளக்கிவிடும்.

பழைய கார் வாங்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலைக்குக் கொண்டுவரத் தோல் இருக்கைக் கார் பார்க்கிறவர்கள் இருக்கையின் பளபளப்பில் மயங்காமல், பின் இருக்கையின் அடிப்பலகையைத் தூக்கி, இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்து, அதன் அடிப்பாகத்தில் கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் குப்பென்று முகத்தில் அடித்தால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருங்கள். அந்த வாசனைக்கு அடியில் ஈரச் சாக்கின் வாடை வருகிறதென்றால், விற்பவர் விலையை எவ்வளவு இறக்கினாலும் அந்தக் காரை வாங்காதீர்கள்.