மேடைக்குப் பின்னே ஒரு மேசை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணித மாணவன்)

கலை என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பது மேடை. விளக்கொளி, ஒப்பனை, பாட்டு, ஆட்டம், கைதட்டல் ஆகியவையே கலை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு மேடைக்கும் பின்னே ஒரு மேசை இருக்கிறது. மண்டபத்திற்கு வாடகை கட்டுவதும், பக்கவாத்தியக்காரருக்கு வவுச்சர் எழுதுவதும், டிக்கெட் அடிக்கட்டைகளை எண்ணிச் சரிபார்ப்பதும் அந்த மேசையில்தான். அந்த மேசையில் வேலை நின்றால் மேடையில் பாட்டும் நின்றுவிடும்.

அந்த மேசையருகே வடசென்னை அரசுக் கல்லூரி மாணவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அங்கே பயிற்சிக்குப் போய்வரும் செலவையாவது அந்த நிறுவனம் தரவேண்டும். இதுவே நான் சொல்ல விரும்பும் கருத்து.

காட்டுப்பள்ளியிலிருந்து வருபவன் நான். அப்பா கடல் தொழில், அம்மா மீன் வியாபாரம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நானே. சென்ற கோடை விடுமுறையில், தென்சென்னையில் உள்ள ஒரு கலை அமைப்பின் அலுவலகத்தில் ஆறு வாரம் பயிற்சி மாணவனாக இருந்தேன். ‘இன்டர்ன்ஷிப்’ என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். "சபா ஆபீசில் பி.எஸ்சி. மாணவனுக்கு என்னப்பா வேலை?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

வேலை நிறைய இருக்கிறது நண்பர்களே! எந்த வரிசைக்கு என்ன விலை வைப்பது, எத்தனை நாற்காலி விற்றால் மண்டப வாடகை தேறும், பருவச் சீட்டு வாங்கியவர் போக நாள் சீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பன எல்லாம் கணக்குகளே. இசை, நாடக நிகழ்ச்சிகளுக்கு 500 ரூபாய் வரையிலான சீட்டுக்கு 2018 ஜனவரி முதல் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு. அதைத் தாண்டி ஒரு ரூபாய் விலை வைத்தாலும் வரி வந்து சேரும். விலைப்பட்டியலில் 500 என்ற எண் ஏன் அடிக்கடி வருகிறது என்பது அந்த மேசையில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வகுப்பில் கரும்பலகையில் மட்டும் கண்ட கணிதம் அங்கே உயிரோடு நடமாடியது.

கலை அமைப்பை நடத்துவது மாணவருக்கு ஆகாத காரியமும் அன்று. 1891ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தபோது பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது பதினெட்டுதான். படித்தவர் நாடகமேடை ஏறுவது இழிவு என்று கருதப்பட்ட காலம் அது. பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கிய அவர், அந்தச் சபை நடந்த விதத்தை ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவர் நடிகர், நாடகாசிரியர் மட்டுமல்லர். நல்ல நிர்வாகியும் ஆவார். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

"அதெல்லாம் மயிலாப்பூர்க்காரர்கள் சமாசாரம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. மணலி என்றதும் இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதே மணலியில்தான், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இராமசாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. முத்துசாமி தீட்சிதரின் இளமைக் காலம் அங்கே கழிந்தது. தியாகராசர் திருவொற்றியூர் அம்மன் திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். நம் காலத்திலேயே, 2017 ஜனவரியில், கபேர் வாசுகி எழுத டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைக் கர்நாடக இசையில் சொன்னது. பாட்டு நம் ஊர்வரை வந்திருக்கிறது. பாட்டை நடத்தும் அலுவலகத்திற்கு நாம் போவதற்குத்தான் வழி இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் பணம் வருகிறது. மயிலாப்பூர் எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல். ஷேர் ஆட்டோவில் அத்திப்பட்டு புதுநகர் நிலையம்; மின்சார ரயிலில் சென்ட்ரல்; அங்கிருந்து பறக்கும் ரயில். போகவர, மதியச் சாப்பாடு, தேநீர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு நூறு ரூபாய் எனக்குச் செலவானது. வாரத்தில் ஆறு நாள், ஆறு வாரம் என்றால் 36 நாள், 3,600 ரூபாய். மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 முதலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அந்தத் தொகை ஆறு வாரத்திற்கு 1,500 ரூபாய்தான் ஆகும். மீதி 2,100 ரூபாய் என் அம்மாவின் மீன் கூடையிலிருந்து வந்தது. என்னோடு விண்ணப்பித்த வகுப்புத் தோழனுக்கு அப்படி ஒரு கூடையும் இல்லை. அவன் விடுமுறை முழுவதும் கன்டெய்னர் யார்டில் இரவு வேலை பார்த்தான். அவன் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மத்திய அரசு 2024இல் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையுடன் ஒரு பயிற்சித் திட்டம் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அறிவித்தபோது அது 21 முதல் 24 வயது வரையில், முழுநேரப் படிப்பில் இல்லாதவருக்கென விதிக்கப்பட்டிருந்தது. பயிற்சி தருபவையும் பெரிய தொழில் நிறுவனங்கள். சபாக்களும் நாடகக் குழுக்களும் அந்தக் கணக்கில் வரவில்லை.

"அனுபவமே ஊதியம் தம்பி" என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். அனுபவத்தைக் காட்டி ஷேர் ஆட்டோவில் ஏற முடியுமா? "கலை அமைப்புகளே நன்கொடையில்தான் ஓடுகின்றன, நாங்கள் எங்கே போவது?" என்ற வாதமும் உண்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. சிறிய அமைப்புகளின் வரவு செலவை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் 3,600 ரூபாய் என்பது என்ன? எட்டு 500 ரூபாய்ச் சீட்டின் விலைகூட இல்லை. ஒரு கச்சேரியில் இலவச அனுமதிச் சீட்டு பெற்றும் வராதவர்களின் நாற்காலிகளை எண்ணினாலே எட்டுக்கு மேல் தேறும். அந்த வெற்று நாற்காலிகளின் விலையில் ஓர் ஏழை மாணவன் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வான் என்றால், அதை வீண்செலவு என்று யார் சொல்வார்?

எங்கள் காட்டுப்பள்ளி இந்த மாநகருக்குக் கொடுப்பது கொஞ்சமல்ல. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் எங்கள் ஊரில்தான் திறக்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். பக்கத்தில் அனல் மின் நிலையம். அருகே துறைமுகங்கள். நகரத்தின் தாகத்திற்கும் வெளிச்சத்திற்கும் மண்ணையும் கடலையும் கொடுத்த ஊர்ப்பிள்ளைகள், அந்த வெளிச்சத்தில் நடக்கும் கச்சேரியின் கணக்கை எழுதக் கூடாதா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். கலை அமைப்புகள் பயிற்சி மாணவருக்குப் பயணப்படியும் மதிய உணவும் தருவதை ஒரு விதியாகவே கொள்ளட்டும். பயிற்சி அறிவிப்பைத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லாமல் அரசுக் கல்லூரிகளுக்கும் எழுதி அனுப்பட்டும். நம் ஆசிரியப் பெருமக்கள், ஆலைக்கும் வங்கிக்கும் சிபாரிசுக் கடிதம் தருவதுபோல் நாடகக் குழுவுக்கும் சபாவுக்கும் தர முன்வர வேண்டும். மாணவ நண்பர்களே, நாமும் "இது நமக்கான இடமில்லை" என்ற கூச்சத்தை விட்டொழிக்க வேண்டும். பாடத் தெரியாவிட்டால் என்ன? கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும். நேர்மையாய் எழுதத் தெரியும். மேடைக்குப் பின்னே உள்ள மேசைக்கு வேண்டியதும் அதுதான்.